ஆள் பேர் வைத்த செடிகள்

அந்த மனுஷர் மாடிக்கு வந்ததும் முதல் வேலையாக என் செடியின் இலையைக் கிள்ளினார்.

சும்மா தொட்டுப் பார்ப்பது போல இல்லை. கட்டை விரல் நகத்தைக் காம்பில் வைத்து அழுத்தி ஒரே கிள்ளு. கிள்ளிய இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் வந்தது. அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என்னவோ வீட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“பாலு காரே செட்டு இண்ட்லோ உண்டகூடதம்மா,” என்றார். பால் வடிகிற செடி வீட்டில் இருக்கக் கூடாதாம்.

அவர் திருப்பதியில் வாஸ்து பார்க்கிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது என் நாத்தனார், அதாவது எங்கள் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “பாத்தியா கோமளா? நான் சொல்லிக்கினே இருந்தேன் இல்ல?” என்றார்.

வாஸ்துக்காரர் அடுத்த தொட்டிக்குப் போய் அடுத்த இலையையும் கிள்ளினார். எனக்கு அந்த நகத்தைப் பிடித்து ஒடிக்க வேண்டும் போல இருந்தது.

எதற்காக வந்தார்

எங்கள் வீடு சித்தூரில். கீழே ஒரு ஹால், ரெண்டு ரூம், சமையல்கட்டு. மேலே மொட்டை மாடி. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, ஹால் ஜன்னலை ஒட்டிப் போகிறது. யார் ஏறினாலும் இறங்கினாலும் ஹாலில் இருக்கிறவருக்குத் தெரியும்.

மாடி முழுக்க என் செடிகள்தான். காய்கறிச் செடி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அழகுக்கு. “ஒரு கத்திரிக்கா உண்டா, ஒரு வெண்டக்கா உண்டா? துன்றதுக்கு ஒண்ணும் இல்லாத செடிக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி?” என்று தெருவில் எல்லோரும் கேட்டாயிற்று. நானும் சிரித்தாயிற்று. கழுத்தில் போடுகிற செயினைக்கூடத்தான் துன்ன முடியாது, அதை யாராவது கேட்கிறார்களா?

எங்கள் வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். மாங்காய் சீசன் ஆரம்பிக்கிற சமயம், ஒருநாள் காலையில் காயப்போட்ட துண்டை எடுக்க மாடிக்குப் போனவர், இறங்கும்போது விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். கடைசிப் படியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னாச்சுங்க?”

“தலை சுத்திச்சு.”

காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். அதற்கு நான் கவலைப்படவில்லை, கால் கூடிவிடும். தலை ஏன் சுற்றியது? என் மாமனார், சத்யவேடு பக்கத்தில் விவசாயம் பார்த்தவர், ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தவர், தலை சுத்துதுப்பா என்று உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். ரத்தம் பார்த்தோம். ஒயரெல்லாம் ஒட்டி நெஞ்சையும் பார்த்தார்கள். டாக்டர் எல்லாம் நார்மல் என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஒன்றுமே இல்லாமல் ஒரு ஆளுக்கு எப்படித் தலை சுற்றும் என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அண்ணிக்கு அந்தக் குழப்பமே இல்லை. “உடம்புல இல்லேன்னா வீட்லதான் இருக்குது,” என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் ஆளோடு வந்து இறங்கிவிட்டார்.

அண்ணியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். அதனால் ஐம்பது தாண்டிய எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் அக்கா வந்தால் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொள்வார். அக்கா ஒரு பேச்சு சொன்னால் மறுபேச்சு கிடையாது. எனக்கு இவ்வளவு வருஷத்தில் பழகிவிட்டது.

திருப்பதியில் அவர்கள் வீட்டில், பால்கனியில் நின்றால் மலை தெரியும். ஆனால் செடி என்று பார்த்தால் ஒரு துளசி மட்டும்தான். ஹாலில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். பாலும் கிடையாது, முள்ளும் கிடையாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

மணி பிளாண்ட்டின் கதை

இந்த இடத்தில் கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு செடிக்கு என்ன பேர் என்பது பெரிய வம்பு. அது கேட்கிற ஆளைப் பொறுத்தது. திருப்பதி ரோட்டில் வரிசையாக நர்சரி இருக்கிறதே, அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு உலகத்துச் செடிகள் எல்லாம் சில சாதிகள்தான். வெயில் செடி, நிழல் செடி, தொங்கல், படரல். இது எதிலும் சேராமல் இலை மட்டும் பளபளவென்று இருந்தால் ஷோ செடி.

“இது பேரு என்னாப்பா?”

“ஷோ செடிம்மா.”

“அது சரி, பேரு?”

“பேரே ஷோதாம்மா. நிழல்ல வெய்யி, நல்லா வரும்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது வெயிலா நிழலா என்பதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

எனக்கு அது போதவில்லை. நான் பிறந்தது நகரியில், தறி ஓட்டுகிற வீட்டில். எங்கள் வீட்டில் வெறும் பச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதனால் குரோட்டன்ஸ் வாங்கிய புதிதில் நானே பிரித்து வைத்தேன். ஓரத்தில் மட்டும் மஞ்சள் இருந்தால் பார்டர். நடுவில் புள்ளி இருந்தால் புட்டா. குறுக்கே கோடு போனால் கட்டம். இதைக் கேட்டு என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன தடவை வந்தபோது என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். போட்டோ எடுத்தால் அது செடியின் புத்தகப் பேரைச் சொல்லும். புத்தகப் பேரில் ரெண்டு பாகம். முதலில் வம்சத்தின் பேர், அடுத்தது அந்தச் செடியின் சொந்தப் பேர். யாராவது தோட்டக்காரர் புதுசாக ஒரு நிறத்தை உண்டாக்கினால் மூன்றாவதாக ஒரு செல்லப் பேர் வைப்பார். அது கொட்டேஷனுக்குள் வரும்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் போட்டோ எடுத்தேன். ஒருநாள் கை தவறி எங்கள் வீட்டுக்காரரின் மாவுக்கட்டுக் காலை எடுத்துவிட்டேன். ஏதோ காளான் வகை என்று ஆப் சொன்னது.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நாம் குரோட்டன்ஸ் என்று சொல்கிற செடி புத்தகத்தில் குரோட்டனே இல்லை. அந்தப் பேர் வேறு யாருக்கோ. மணி பிளாண்ட் கதை இன்னும் மோசம். அதன் புத்தகப் பேரை அறிஞர்கள் பல தடவை மாற்றிவிட்டார்களாம். இந்த வம்சம் இல்லை அந்த வம்சம், அதுவும் இல்லை வேறொன்று என்று வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தெருவில் அது மணி பிளாண்டாகவே இருந்துவிட்டது.

தெலுங்குக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அசந்துபோனேன். நாம் அரளி என்பதை அவர்கள் கன்னேரு என்பார்கள். பொன்னரளி பச்ச கன்னேரு. நித்தியகல்யாணி பில்ல கன்னேரு. கோயிலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கீழே கொட்டிக் கிடக்குமே, பெருங்கள்ளி, அது தேவ கன்னேரு. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஆப்பில் போட்டுப் பார்த்தால் நாலும் ஒரே குடும்பம்! எந்தக் காலத்தில் யார் கண்டுபிடித்து அந்த வீட்டுப் பேரை வைத்தார்களோ தெரியவில்லை.

எங்கள் வீட்டு முறை

இவ்வளவு பேர் தெரிந்த பிறகும் நான் மாடியில் எந்தப் பேரையும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் செடிக்குக் கொடுத்தவரின் பேர்தான் பேர்.

எங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் இப்படித்தான். கடையில் வாங்குவது குறைச்சல், ஒருவர் வீட்டில் பார்த்தால் “அக்கா, ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்து நடுவதுதான் அதிகம். அது துளிர்த்ததும் அவர் பேர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். கொடுத்தவர் பேர் தெரியவில்லை என்றால் ஊர்ப் பேர்.

அடினியம் இருக்கிறதே, கீழே பானை மாதிரி தடித்து மேலே ரோஸ் கலர் பூ பூக்கும், அது எங்கள் வீட்டில் டீச்சர். எதிர் வீட்டில் இருந்த தெலுங்கு டீச்சர் வெதுருகுப்பத்துக்கு மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. டிசம்பர் வந்தால் உச்சி இலை எல்லாம் சிவப்பாகிற பாயின்செட்டியா, பால்காரம்மா. முள்ளும் சின்னச் சின்னச் சிவப்புப் பூவுமாக இருக்கிற யூபோர்பியா, வேலூர். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் பேரைக் கேட்பதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியில் தேவ கன்னேரு. அதற்குப் பேர் நைனா.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் மாமனார் சத்யவேட்டிலிருந்து பஸ் ஏறி எங்களைப் பார்க்க வந்தார். மஞ்சப்பையில் அரைப்படி வேர்க்கடலை, அதன் மேல் ஒரு மொட்டைக் குச்சி. “வயக்காட்டு மேட்ல இருக்குதும்மா. நல்ல வாசனை. வெட்டின வாய் காயட்டும், அப்பறம் நடு” என்றார். எனக்கு அவர் மாமா, பிள்ளைகளுக்கு நைனா, அதாவது அப்பா. அது முதல் தடவை பூத்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் “நைனா பூத்துட்டாரு!” என்று கத்தினார். அப்போது மாமனார் உயிரோடு இருந்தார். போனில் சொன்னதும் சிரித்தார். பேர் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணிக்கு இந்தக் கதை தெரியாது. முட்டிவலி, மாடி ஏறவே மாட்டார். அன்றைக்கு வாஸ்துக்காரருக்காகத்தான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

கணக்கு வேற

கிள்ளிப் பால் வந்த தொட்டியில் எல்லாம் அண்ணி சாக்பீஸால் ஒரு இன்டு மார்க் போட்டுக்கொண்டே வந்தார். டீச்சர், இன்டு. பால்காரம்மா, பெரிய இன்டு. வேலூருக்கு முள்ளுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று.

எனக்குப் பொறுக்கவில்லை. “சாமி, முள்ளு கூடாதுன்றீங்க. ரோஜாவுல முள்ளு இருக்குதே?”

“ரோஜா லட்சுமிம்மா. பரவாலேது.”

“எலுமிச்சை?”

“அது திருஷ்டிக்கு ஆவுது.”

“அத்தி, ஆலு, அரசு எல்லாத்துலயும் பால்தானே வருது? சுத்தி சுத்தி கும்புடறோமே?”

“அது கோயில்ல இருக்கணும். வீட்ல இல்ல.”

“அப்ப மாங்கா? காம்ப ஒடிச்சா பால் பீச்சி அடிக்குது. எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரில அது பட்டு கை வெந்து போனவங்க எத்தினி பேரு தெரியுமா? சித்தூர் ஜில்லாவையே காலி பண்ணிடலாமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது பழம் குடுக்கிற மரம்மா. லெக்க வேற.”

அவர் கணக்கு அப்படி. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த மனுஷர் ஏமாற்றுப் பேர்வழி இல்லை. நான் கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார். “நீங்க பேசறது எல்லாம் சரிம்மா. ஆனா படுத்துக்கினு இருக்கிறது உங்க வீட்டுக்காரரு. செடி முக்கியமா, மனுஷன் முக்கியமா?”

நைனா தொட்டியிலும் இன்டு போட்டிருந்தது. அண்ணியிடம் அது யார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர்கள் ரெண்டு பேரோட நைனா, பெத்த பிள்ளையே பேசாமல் இருக்கும்போது மருமகள் எனக்கென்ன வந்தது என்று ஒரு வீம்பு.

அண்ணி கீழே இறங்கிக் குளிக்கப் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீங்க என்ன சொல்றீங்க? எல்லாத்தையும் அனுப்பிடலாமா?”

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். “அக்கா சொன்னா சொன்னதுதான்.”

முகத்தைக் காட்டவில்லை. பாவம், உயிர்ப் பயத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மாமனாரும் தலை சுத்துது என்றுதானே உட்கார்ந்தார்? நாளைக்கு இவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அன்றைக்கே செடியை அனுப்பியிருந்தால் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். சரி, போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

குட்டியானை

ரெண்டு நாள் கழித்து குட்டியானை வண்டி வந்தது. அண்ணிக்குத் தெரிந்தவர்களுக்குப் பங்காருபாளையத்தில் மாந்தோப்பு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வேலி ஓரமாக வைத்துவிடுவதாக ஏற்பாடு. நல்ல பால் மரங்களுக்கு நடுவில் கெட்ட பால் செடிகள்! வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

தூக்க ரெண்டு ஆள் வந்திருந்தார்கள். அண்ணி கீழே வண்டிக்குப் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மாடியில். ஹால் ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் எங்கள் வீட்டுக்காரர். ஒவ்வொரு தொட்டியும் அவர் கண் முன்னாலேதான் இறங்கியது.

“பால்காரம்மாவ சாய்க்காதீங்கப்பா, ஒடஞ்சுடும்!” என்று மேலே இருந்து கத்தினேன். “வேலூரு முள்ளு, பாத்து! டீச்சர் தலைய கெட்டியா புடி!”

முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். “எந்த டீச்சர் தலைம்மா?” என்று மிரண்டுபோய்க் கேட்டார். எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. பாவம், சாவு வீட்டுக்கா வேலைக்கு வந்தோம் என்று நினைத்திருப்பார்.

வண்டி நிறைய நிறைய எனக்கு மாடி அகலமாகிக்கொண்டே போனது. தொட்டி இருந்த இடத்தில் எல்லாம் வட்ட வட்டமாக ஈரம். டீச்சர் ஊருக்குப் போன அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை. பாதிப் படி இறங்கி ஜன்னல் பக்கமாக எட்டிப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கடைசியில் சிமெண்டுத் தொட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கி, முக்கி முனகி, படிப்படியாக இறக்கினார்கள். ஜன்னலைத் தாண்டும்போது ஒரு கிளை கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு இலை பிய்ந்து ஹாலுக்குள்ளே விழுந்தது.

“நிறுத்துங்கப்பா!”

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். எங்கள் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நீ அனுப்பிச்சதுதான்

நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். அண்ணி சேரை விட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். உள்ளே வீட்டுக்காரர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“அது போவக் கூடாது. எறக்கி வைங்க.”

“எதுக்குடா?”

“அது நைனா, அக்கா.”

“எந்த நைனா?” அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நம்ம நைனாதான். சத்யவேட்ல மேட்ல இருந்துச்சே மரம், அதுல ஒடிச்சு மஞ்சப்பையில கொணாந்து குடுத்தாரு. கோமளா நட்டுது.”

அண்ணி திரும்பி அந்தச் செடியைப் பார்த்தார். ஏதோ மூஞ்சி தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அண்ணி அண்ணிதான். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். “நைனாவா இருந்தா என்னடா? நைனாவே இருந்தாலும் என் புள்ள தலைதான் முக்கியம்னு சொல்லுவாரு. எடுத்துக்கினு போங்கப்பா.”

“என் தலைக்கு ஒண்ணும் இல்லக்கா.”

“சுத்திச்சுன்னியே?”

“சுத்தல.”

“பின்ன?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். “போன் பாத்துக்கினே எறங்கினேன். கடைசிப் படி முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டேன்.”

வேலூர், ஸ்கேன், ஊசி, அவர் மூச்சு விடுகிறாரா என்று நான் தூக்கம் கெட்டுப் பார்த்த ராத்திரிகள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாயில் வந்தது. “அட பாவி மனுஷா!” என்றேன். தெருவில், தூக்க வந்தவர்கள் முன்னாலே, அண்ணி முன்னாலே. புருஷனை அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அண்ணி என்னை விட மோசம். ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். “டேய், சோம்பேறி! அப்படி என்னடா போன்ல? எவ ஆடிக்கினு இருந்தா? கால ஒடிச்சுக்கினு வந்து தலை சுத்துதுன்னு பொய் வேற! அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு?”

“எப்படிக்கா சொல்றது?” என்றார் அவர். “நீ அனுப்பிச்ச வீடியோதான் பாத்துக்கினு இருந்தேன்.”

“நானா?”

“காத்தால அனுப்புவியே. வீட்டுக்கு எந்தப் பக்கம் படி இருந்தா நல்லதுன்னு.”

குட்டியானை டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நின்றார். அண்ணி மெதுவாகப் போய்ச் சேரில் உட்கார்ந்தார். முதலில் முட்டியைத் தேய்த்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் பார்த்தால், சிரிக்கிறார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

எல்லாத் தொட்டிகளும் மறுபடியும் மேலே ஏறின. தூக்கினவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள், காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். போகிறதற்கு முன்னால் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கோமளா, நைனாகிட்ட இருந்து எனக்கு ஒரு கொம்பு ஒடிச்சுக் குடு.”

“பால் வடியுமே அண்ணி?”

“ஒனக்கு வாய் ஜாஸ்தி,” என்றார். ஒடித்துக் கொடுத்தேன். பேப்பரில் சுற்றி, கைப்பையில் நிற்க வைத்து, பஸ் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வீட்டுக்காரரிடம் பேசவில்லை. காபி போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அக்கா மனசு நோவக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தீங்க, சரி. என் டீச்சர் போனா. பால்காரம்மா போனா. வேலூரு போச்சு. நான் அழுவறதையும் பாத்தீங்க. அப்பெல்லாம் கல்லு மாதிரி படுத்துக்கினு இருந்துட்டு, உங்க நைனா எறங்கினதும் மட்டும் எப்படி வாய் வந்துச்சு?”

“டீச்சர் வெதுருகுப்பத்துல இருக்காங்க. ஒரு போன் போட்டா இன்னொரு கிளை குடுப்பாங்க. பால்காரம்மா தெனம் வருது. அந்த வேலூரம்மாவக்கூட தேடினா எந்த பஸ்லயாவது கெடைப்பாங்க,” என்றார். “நைனாகிட்ட போய் இன்னொரு குச்சி எப்படிக் கேக்கறது, கோமளா?”

நான் காபியைக் கொடுத்தேன்.